ஸ்காட்டிஷ் உணர்வு ஏராளம், தனிநாட்டுக்கு ஓட்டு ஏன் குறைவு?

கிளைடுகரை: 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களில் 65.5% பேர் தங்களை ‘ஸ்காட்டிஷ்’ என்று மட்டுமே பதிந்திருக்கிறார்கள். ஆனால் பிரிட்டனிலிருந்து பிரியலாமா என்ற 2014 வாக்கெடுப்பில் தனிநாட்டுக்கு விழுந்தது 44.7%. பயமுறுத்தியே தோற்கடித்தார்கள். பவுண்டைப் பகிர முடியாது என்று அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் கையை விரித்தார், பெரியவர்கள் பென்ஷனை நினைத்து நடுங்கிவிட்டார்கள்.

அபர்டீன்வாசி: பயமில்லை நண்பரே, கணக்கு. பவுண்டு இல்லையென்றால் வேறு என்ன என்று தொலைக்காட்சி விவாதத்தில் ‘வேண்டாம்’ அணித் தலைவர் டார்லிங் திரும்பத் திரும்பக் கேட்டார். தனிநாடு கேட்ட அன்றைய ஸ்காட்லாந்து முதல்வர் சால்மண்ட் பிடிகொடுக்கவில்லை. வீட்டுக்கடனை எந்தப் பணத்தில் கட்டுவது என்றே தெரியாமல் ஓட்டுப் போடுவதா? எண்ணெய் ஊரான அபர்டீனிலேயே 58 சதவீதத்துக்கு மேல் ‘வேண்டாம்’. ரக்பியில் இங்கிலாந்து தோற்றால் நானும்தான் குதிப்பேன். அதற்காக நடுவில் வேலி போடணுமா?

நெல்லைக்காரன்: ஒரு சந்தேகம். அங்கே குடியேறிய நம்மவர்களுக்கு ஓட்டு இருந்ததா?

கிளைடுகரை: இருந்தது சார். எங்கே பிறந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. காமன்வெல்த் நாட்டவன் என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கிளாஸ்கோவில் வாக்களித்தேன். 16 வயதுப் பிள்ளைகளும் போட்டார்கள். லண்டனுக்குக் குடிபோன கிளாஸ்கோக்காரருக்குத்தான் ஓட்டு இல்லை. இதைப் போய் இனவாதம் என்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அப்புறம் 2016-ல் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருப்போம் என்று இங்கே 62% பேர் சொன்னோம். யார் காதில் விழுந்தது?

அபர்டீன்வாசி: அது எனக்கும் கசப்புதான். ஆனால் நாற்பது சொச்சம் வருட உறவை முறித்ததற்கே இவ்வளவு அவஸ்தை. 1707-லிருந்து இங்கிலாந்தோடு ஒன்றாகக் கிடப்பதைப் பிரித்தால்? நம் சரக்கில் பெரும்பங்கு போவது இங்கிலாந்துக்கு. நாம் மட்டும் ஐரோப்பாவில் சேர்ந்தால் எல்லை ஊரான கிரெட்னாவில் லாரிகள் சுங்கச் சோதனைக்கு வரிசைகட்டும்.

நெல்லைக்காரன்: அதே கணக்கெடுப்பில் வேறொன்றும் இருக்கிறது. ‘பிரிட்டிஷ்’ மட்டும் என்றவர்கள் 2011-ல் 8.4%, 2022-ல் 13.9%. ‘இரண்டும்’ என்றவர்களோ 18.3-லிருந்து 8.2-க்கு இறங்கிவிட்டார்கள். நடுவில் நின்ற கூட்டம் கலைகிறது. நீங்கள் இருவரும் இதைத் தொடவே இல்லையே?

கிளைடுகரை: கலையாமல் என்ன செய்யும்? லண்டன் சம்மதிக்காமல் வாக்கெடுப்பு நடத்த எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விருப்பப்பட்டுச் சேர்ந்த கூட்டணி என்றால் வெளியேற ஒரு வாசல் வேண்டாமா?

அபர்டீன்வாசி: வாசல் 2014-ல் திறந்துதான் இருந்தது. 2024 பொதுத்தேர்தலில் தனிநாடு கேட்கும் உங்கள் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு ஸ்காட்லாந்தின் 57-ல் 9 இடம்.

கிளைடுகரை: கட்சி மீதுள்ள கோபத்தைத் தனிநாட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். கருத்துக்கணிப்புகளில் ஆதரவு இன்னும் பாதியை ஒட்டித்தான் நிற்கிறது.