பந்தய கிரிட்டில் (ஸ்டார்ட் வரிசையில்) ஏன் கார் குறையுது?

சென்னை பக்கம் சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்துல, வீட்டுக் காரை லேசா மாத்தி ஓட்டினவங்க உண்டு. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் (3.717 கி.மீ.) வந்தது. பாதுகாப்பு விதிகளும் இறுகின. அது சரிதான். ஆனா புது ஆள் பின்வாங்குற இடம் ரோல் கேஜ், அதாவது கார் உருண்டாலும் ஓட்டுநர் நசுங்காம இருக்க உள்ளே போடுற இரும்புக் குழாய்க் கூண்டு. கேஜ் வெல்டு பண்ணிட்டா திங்கட்கிழமை ஆபீசுக்கு அந்தக் கார் ஆகாது. வேற கார், டிரெய்லர், நிறுத்த இடம்னு செலவு பெருகும். போதாததுக்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8855-1999 தரத்துப் பந்தய இருக்கைக்குத் தயாரிச்சதிலிருந்து 5 வருஷம்தான் ஆயுள். உட்காரவே இல்லைன்னாலும் காலாவதி!

*

கார் குறையக் கேஜ் ஒரு காரணம். இன்னொண்ணு, பிரிவுகள் அதிகம், அதனால ஒவ்வொண்ணுலயும் கார் கொஞ்சம்தான். இந்தியன் டூரிங், ஜூனியர் டூரிங், சூப்பர் ஸ்டாக் எல்லாத்தையும் ஒரே பந்தயமா ஓடவிட்டு, பரிசை மட்டும் தனியாக் கொடுப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனா வேக வித்தியாசத்தால முதல் வளைவுலயே உரசல் வரும். வேகமான பிரிவை முதலில் அனுப்பிட்டு, சில விநாடி கழிச்சு மத்தவங்களுக்குத் தனி ஸ்டார்ட் கொடுக்கணும்.

ஃபார்முலா எல்ஜிபி 1300 (ஒத்தை இருக்கைப் பந்தயக் கார் பிரிவு) வேற கணக்கு. மாருதி எஸ்டீம் இன்ஜின், கார் டீமோடது, ஓட்டுநர் வாடகை கட்டுறார். கையெழுத்துப் போடும் முன்னாடி, இடிச்சா காரோட மூக்கும் (முன்பகுதி) சக்கரத்தைத் தாங்குற சஸ்பென்ஷன் ஆர்மும் யார் கணக்குன்னு எழுதி வாங்கிக்கோங்க.

*

ஆளைச் சேர்க்கக் கிளப்புகளுக்கு நல்ல வழி ஆட்டோகிராஸ், டைம் அட்டாக். தனித்தனியா, கடிகாரத்தோட போட்டி. ரோடு காரே போதும். புதுசா வர்றவங்க கவனிக்க வேண்டியது:

பிரேக் ஆயிலை முதலில் மாத்துங்க. டாட் 3 தரத்து ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினா 140-க்கே கொதிக்கலாம். நாலு சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனா காரணம் பெரும்பாலும் இதுதான். பேட் தேய்ஞ்சிருக்குன்னு தேடிட்டிருக்காதீங்க. டாங்க் பாதிக்குக் குறையக் கூடாது. நீண்ட வளைவில் பெட்ரோல் ஒதுங்கி இன்ஜின் திக்கும். டயர் சூட்டில் காத்தழுத்தம் 4–6 பிஎஸ்ஐ ஏறும், டிராக்கை விட்டு வெளிய வந்தவுடனே அளந்து குறைங்க. கடைசிச் சுற்றை மெதுவா ஓட்டிட்டு, கியரில் நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வைங்க. சூட்டில் ஹேண்ட்பிரேக் இழுத்தா பிடிச்சுக்கும்.

சாதாரண மோட்டார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. பதிவு மேஜையிலேயே கிளப் இதைச் சொல்லிடணும்.