பொங்கல் விடுமுறைக்குப் பின் எங்கள் வீட்டில் நிலைத்த பழக்கம்

காணும் பொங்கலன்று உறவினர்களோடு ஏற்காடு போய்வந்து, டப்பாவில் மீதமிருந்த அதிரசமும் முறுக்கும் தீர்ந்த பிறகு, உடம்பு கனத்துப்போய்க் காலையில் எழவே மனம் வராமல் இருப்பது நம்மில் பலருக்கும் பழகிய நிலைதான். அந்த வேகத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுவதைவிட, அன்றாடம் செய்கிற ஒரு வேலையோடு சிறிய பழக்கம் ஒன்றைச் சேர்த்துவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. அதை எனக்கு உணர்த்தியவர், சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவில் வசிக்கும் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்.

காலையிலிருந்து பொழுது சாயும்வரை சம்மணமிட்டு, குனிந்த தலை நிமிராமல் கொலுசுக்குச் சலங்கை பற்றவைப்பது அவர் தொழில். சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபின், இரவு உணவு முடிந்ததும் மனைவியோடு தெருவில் நடக்கத் தொடங்கினார். பண்டிகை நாளிலும் அந்த நடை நிற்காததைக் கண்டு, எப்படி முடிகிறது என்று வாசலில் நின்று கேட்டேன். "கை கழுவின ஈரம் காயறதுக்குள்ள செருப்பைப் போட்டுடணுங்க அக்கா. ஒருக்கா உக்காந்துட்டா அப்புறம் எந்திரிக்க மனசு வராது" என்றார். நேரம் பார்த்து நடப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை வந்துவிடும். சாப்பாட்டை ஒட்டி நடப்பவருக்கோ சாப்பாடே நினைவூட்டிவிடும். அன்றிரவே நானும் கணவரும் நடக்க ஆரம்பித்தோம்.

இதற்குத் தெளிவான உடலியல் காரணமும் உண்டு. சாப்பிட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை உச்சத்தை எட்டும் வேளையில், நடக்கும் கால்களின் தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துச் செலவிடுகின்றன; சுருங்கி விரியும் தசைக்கு இன்சுலினின் உதவி இல்லாமலும் அதை உள்ளிழுக்கும் திறன் உண்டு என்பதால், உணவுக்குப் பின் மெதுவாக நடந்தாலும் பலன் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியமும் இரவும் சாப்பிட்டபின் 15 நிமிடம் சற்று விறுவிறுப்பாக, வாரத்தில் 5 நாள் நடந்தாலே அந்தக் கணக்கு நேராகிவிடும்.

சேலத்துக்காரர்களிடம் தட்டுவடை செட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும் சேர்ந்த அந்தச் சுவையை இழக்கவும் வேண்டியதில்லை. ஆனால் உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும் என்பதால், மாலையில் அதைச் சாப்பிட்டால் இரவில் ஊறுகாயும் அப்பளமும் இல்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

மற்றொருவரை ஏற்காட்டில், பேருந்துக்காகக் காத்திருந்தபோது சந்தித்தேன். சேர்வராயன் மலைக் கிராமத்தைச் சேர்ந்த வயதான அம்மா. இன்றும் சாமைச் சோறுதான் வடிக்கிறாராம். என்ன குழம்பு என்று கேட்டதற்கு, "கீரையும் அவரையும் எது காய்ச்சிருக்கோ அதுதான் கண்ணு, சோத்துக்குச் சமமா அதையும் வெக்கணும்" என்றார். சாமை என்ற பெயரைக் கேட்டதும் அரிசிக்குப் பதில் அதையே தட்டு நிறையப் போட்டுக்கொள்ளும் நாம் கவனிக்க வேண்டியது அவருடைய இரண்டாவது பாதியைத்தான். சாமையிலும் மாவுச்சத்தே மிகுதி. தீட்டாத சாமையில் நார்ச்சத்து கூடுதலாக இருக்கும் என்பது உண்மையாயினும், தட்டில் காய்க்கு இடம் கொடுக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் பெரிய பயன் இராது. நான் இப்போது கீரைக் கடைசலை முதலில் பரிமாறிவிட்டுப் பிறகே சோறு வைக்கிறேன்.

தூக்கத்துக்கு ஒன்றே ஒன்று செய்தோம்: விடுமுறையில் தாறுமாறான உறங்கும் நேரத்தைச் சரிசெய்ய, எழும் நேரத்தை மட்டும் மாறாமல் வைத்துக்கொண்டு, எழுந்ததும் மூக்கனேரிப் பக்கம் போய் வெயில் படும்படி சிறிது நேரம் நிற்கிறோம். காலை வெளிச்சம் உடலின் உள்கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுவதால், இரவில் தூக்கம் தானாகச் சீக்கிரம் வருகிறது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், உணவையும் நடையையும் மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். நடக்கும்போது வியர்வையோ கை நடுக்கமோ தோன்றினால் உடனே இனிப்பு சாப்பிட ஏதுவாக, பட்டறைக்காரர் சட்டைப்பையில் எப்போதும் சிறிது சர்க்கரைப் பொட்டலம் வைத்திருக்கிறார்.

விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்க்கும் குடும்பங்கள் உணவையும் உறக்கத்தையும் எப்படி ஒழுங்கு செய்துகொள்கின்றன என்பதை, அந்த வேலையில் இருப்பவர்கள் எழுதினால் எங்கள் தெருவில் பலருக்குப் பயன்படும்.