மறு: மறு: குட்டையுறை வண்டா, குற்றுறை வண்டா?

அன்புள்ள குழுவினர்க்கு,

வியாழனன்று கையேடு அச்சுக்குப் போகிறது. நெல்வயல் நன்மைப் பூச்சிகளில் ஸ்டாபிலினிடே என்ற வண்டுக் குடும்பத்துக்கு மட்டும் இன்னும் தமிழ்ப் பெயரில்லை. 60,000 இனங்களுக்கு மேல் உள்ள குடும்பம். நம் வயலில் திரிவது அதில் பேடரஸ் பேரினம். 'ரோவ் பீட்டில்' (அலைந்து திரியும் வண்டு) என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்து 'அலைவண்டு' என்று போட்டேன். படித்துப் பார்த்த விவசாயி, "கடலோரத்து வண்டுங்களா?" என்றார். சரி, அது போயிற்று.

'குறுஞ்சிறகு வண்டு' என்று வைக்கலாம் என்ற தம்பிக்கு: சிறகு குட்டையில்லை, மேலே மூடும் உறைதான் குட்டை. அதனால்தான் வயிற்றுக் கண்டங்கள் வெளியே தெரிகின்றன. ஆகவே 'குட்டையுறை வண்டு' என்கிறேன். நேற்றிரவு டியூப்லைட் அடியில் ஒன்று வந்து இறங்கியது. ஆரஞ்சும் கருநீலமுமாக எறும்பு மாதிரி. வயிற்று நுனியைத் தேள்போல் மேலே வளைத்து, நீளச் சிறகை மடித்து மடித்து அந்தத் துக்கடா உறைக்குள் தள்ளியது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

'கொப்புள வண்டு' வேண்டாம். அந்தப் பெயரில் வேறொரு குடும்பமே இருக்கிறது. பேடரஸ் கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தோலில் வைத்து நசுக்கினால்தான் உடல்நீரிலுள்ள பெடரின் என்ற நச்சு பட்டு மறுநாள் கோடுகோடாகக் கொப்பளிக்கும். நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்னும் வண்டுக்கு அப்படிப் பெயர் வைத்தால் யார் விட்டுவைப்பார்கள்?

---

ஐயா, உள்ளே மடிந்த சிறகு என்றதும் குறுந்தொகையின் 'அஞ்சிறைத் தும்பி' நினைவுக்கு வந்தது. அம் சிறை என்பதை அகஞ்சிறை, உட்சிறை என்றும் கொள்வர். 'அகஞ்சிறை வண்டு' எனலாமே?

---

புலவர் ஐயா, எல்லா வண்டுக்கும் சிறகு உள்ளேதான்! தவிர, அங்கே தும்பி தேன் தேடுகிறது. இது புழு பூச்சி தேடுகிறது.

---

சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் 'குட்டையுறை' காதில் விழுந்தால் குளம் குட்டையில் உறைவது என்றல்லவா படும்? குறுமை + உயிர் குற்றுயிர். குறுமை + உறை குற்றுறை. இலக்கணச் சுத்தம்.

---

குற்றுயிர் என்றதுமே குலையுயிரும் கூட வருகிறது, ஐயா. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், "என்ன குற்றம் செய்தது சார்?" என்கிறார்கள். குட்டையுறைக்கு ஐந்து பேர், குற்றுறைக்கு இரண்டு. நடுவில் ஒருவர் 'வண்டு' என்பதே தேனீதானே என்று தொடங்கினார். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். குட்டையுறை வண்டு என்றே அனுப்பிவிட்டேன்.

---

அச்சிடுங்கள். என் பிரதியில் பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.