சிட்னி டிராம் அருங்காட்சியகம் போனவங்க இருக்கீங்களா?

வணக்கமுங்க. பீளமேட்டுப் பட்டறைகளில் காலமெல்லாம் மோட்டார் காயில் கட்டியவர் எங்கப்பா. சிட்னியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அவரை அடுத்த மாசம் கூட்டிப் போகிறேன். அங்கே லோஃப்டஸில் தன்னார்வலர்கள் நடத்தும் டிராம் அருங்காட்சியகத்தை அவருக்குக் காட்டியே ஆகணும். 1961இல் நிறுத்தப்பட்ட சிட்னியின் பழைய டிராம்களைச் சீர்செய்து, ராயல் தேசியப் பூங்கா வரை ஓட்டுகிறார்கள். நம்ம சென்னையில் 1953 வரை ஓடிய டிராமில் ஏற அவருக்கு வாய்க்கவே இல்லை.

சவாரியை விட அவருக்கு ஆசை, பெட்டிக்கு அடியில் சக்கர அச்சோடு சேர்ந்திருக்கும் டிசி மோட்டார் மேல்தான். மோட்டாருக்குள் காயில் சுற்றிச் சுழலும் பாகமான ஆர்மேச்சரைக் கையால் தொட்டுப் பார்த்தாலே போதும் என்கிறார். பட்டறைக்குள் விடுவார்களா? முன்கூட்டியே கேட்டு எழுதணுமா? அப்பாவுக்கு முட்டிவலி வேறு. டிராம் படி ரொம்ப உயரமா? போய் வந்தவங்க விவரம் சொன்னால் பெரிய உதவியா இருக்குமுங்க.