வீட்டு லேத்தின் கிராஸ் ஸ்லைடுக்கு எந்த பால் ஸ்க்ரூ?

கேள்வி:
வணக்கம். என் வீட்டுப் பட்டறையில் உள்ள சிறிய லேத்தை ஸ்டெப்பர் மோட்டார் பொருத்தி சி.என்.சி.யாக (கணினி வழி இயங்குவதாக) மாற்றி வருகிறேன். கடைந்த பொருளின் விட்டம் 0.02 மி.மீ.க்குள் சரியாக வர வேண்டும் என்பதே நோக்கம். குண்டுகள் உருளும் நட்டுடன் வரும் பால் ஸ்க்ரூக்களில், உருட்டிச் செய்த சி7 தர (எண் குறையக் குறையத் துல்லியம் கூடும்) 1605 ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு) என் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. கிரைண்டிங் செய்த சி5 தரத்தின் விலையோ பல மடங்கு. உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மட்டுமாவது சி5 வாங்கத்தான் வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டியதில்லை. சி7 ஸ்க்ரூவில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரையும், சி5-இல் ஏறத்தாழ 0.018 மி.மீ. வரையும் லீடில் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரத்தில்) பிழை இருக்கலாம். ஆனால் கிராஸ் ஸ்லைடு ஒரு வேலையில் நகர்வது பெரும்பாலும் 30, 40 மி.மீ.தான் என்பதால், அதற்குள் சேரும் பிழையை டயல் கேஜ் வைத்து அளந்து மென்பொருளிலேயே திருத்திவிடலாம். அப்படித் திருத்த முடியாதது நட்டின் ஆட்டம். உளி நகர்வது ஆரத்தில் என்பதால் 0.03 மி.மீ. ஆட்டம் விட்டத்தில் 0.06 ஆகிவிடும். திசை மாறும்போது மென்பொருள் அந்த இடைவெளியைத் தாண்டிச் செல்லுமே தவிர, வெட்டும் விசை ஸ்லைடை அதற்குள் இழுத்துக்கொள்வதைத் தடுக்காது. எனவே ப்ரீலோடு உள்ள (ஆட்டமில்லாதபடி முன்பே இறுக்கிய) நட்டுக்கும், ஸ்க்ரூவின் ஒரு முனையை அசையாமல் பிடிக்கும், நீளவாக்கு விசையையும் தாங்கும் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஜோடிக்கும் செலவிடுங்கள். நான் வாங்கிய மலிவான பேரிங் பிளாக்கில் சாதாரண பேரிங்குகளே இருந்தன; அவற்றை மாற்றிய பிறகே என் லேத் நம்பும்படி ஆனது.

மறுமொழி 2:
1605-ஐ விட 1204 (12 மி.மீ. விட்டம், 4 மி.மீ. லீடு) உங்களுக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன். 1605 நட்டின் உடல் 28 மி.மீ., ஃபிளாஞ்ச் 48 மி.மீ.; சிறிய லேத்தின் ஸ்லைடுக்கு அடியில் அதற்கு இடம் செய்ய வார்ப்பிரும்பை நிறையக் குடைய நேரும். மேலும், ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் நகரும் மோட்டாரை 5 மி.மீ. லீடில் நேரடியாக இணைத்தால் ஒரு முழு ஸ்டெப்புக்கு விட்டம் 0.05 மாறும். 4 மி.மீ. லீடுடன் பல் பெல்ட் வழியாக 2:1 குறைத்தால் அது 0.02 ஆகும். இன்னொன்று, பால் ஸ்க்ரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது. மின்சாரம் நின்றால் ஸ்லைடு தள்ளத் தள்ள நகரும். கைச்சக்கரத்தையும் வைத்துக்கொள்ள எண்ணினால் ஸ்லைடுக்குப் பூட்டு அவசியம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 1204 வாங்கி, மிச்சமாகும் தொகையைப் பேரிங்குகளுக்கு ஒதுக்குகிறேன். நட்டை ஸ்க்ரூவிலிருந்து கழற்றித் திருப்பிப் போடலாமா?

மறுமொழி 2:
போடலாம், ஆனால் வெறுமனே கழற்றினால் குண்டுகள் கொட்டிவிடும். ஸ்க்ரூவின் அடிவிட்டத்துக்குச் (மரைப் பள்ளத்தின் அடியில் உள்ள விட்டத்துக்கு) சற்றே குறைவான குழாயை முனையோடு ஒட்டிப் பிடித்து, நட்டை அதன்மேல் சுழற்றி இறக்குங்கள்.