மணல்மேட்டில் பரவும் வெடேலியாவை எப்படி அகற்றுவது?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். கடலோரத் தோட்டங்களில் தரையை மூடுவதற்காக நடுகிற வெடேலியா, அதுதான் மஞ்சள் பூ பூக்கும் கொடி, வேலி தாண்டி மணல்மேட்டுக்குள் இறங்கிவிட்டது. மணல்மேட்டுக்கே உரிய அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இருந்த இடத்தில் இப்போது பாய் விரித்தாற்போல இது மட்டும்தான். பார்க்கவே வயிறு எரிகிறது.

இதன் தாயகம் மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதி. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவு இனங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. இழுத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும்: மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர். கணுவோடு ஒரு சின்னத் துண்டு மணலில் தங்கினாலும் போதும், அப்புறம் அது தனிச் செடி. மண்வெட்டி போட்டால் துண்டுகள் பெருகும், மணல்மேடும் குலையும். களைக்கொல்லி அடித்தால் மிச்சமிருக்கும் அடும்பும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

கையால் பிடுங்கிச் சமாளித்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு இடைவெளியில் மறுபடி போய்ப் பார்த்தீர்கள்? கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடியது பலன் தந்ததா? பிடுங்கிய கொடியை எப்படி அழித்தீர்கள்? உரக்குழியில் போட்டால் துளிர்த்துவிடுமோ? காலியான இடத்தில் அடும்புத் தண்டை உடனே நடலாமா, மழைக்காலம் வரை பொறுக்க வேண்டுமா?

வீட்டில் இதை வளர்ப்பவர்கள், வெட்டிய கழிவைத் தயவுசெய்து கடற்கரைப் பக்கம் கொட்டாதீர்கள்.