சிறையாளரின் நோய்க்கு யார் பொறுப்பு? சேலத்திலிருந்து ஒரு விவாதம்

அஸ்தம்பட்டி வழக்குரைஞர்:
சிறையில் இருப்பவர்களின் மருத்துவப் பொறுப்பைச் சிறைத்துறையிடமிருந்து எடுத்து முழுமையாகச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து. சேலம் மத்திய சிறைக்கு மட்டுமன்றி, எல்லாச் சிறைகளுக்கும் இதைச் சொல்கிறேன். 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சிறையின் சுகாதார நிர்வாகத்தை மருத்துவ அலுவலரிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்குள் வைக்கிறது. 37-ஆம் பிரிவின்படி, உடம்புக்கு முடியாத கைதி மருத்துவரைப் பார்க்க விரும்பினால், அந்தச் செய்தி அவரைக் காவல் காப்பவர் வழியாக ஜெயிலருக்குப் போய், அதன் பிறகே மருத்துவப் பணியாளரைச் சேரும். நள்ளிரவில் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால், அது நோயா நடிப்பா என்று முதலில் முடிவு செய்பவர் மருத்துவம் படித்தவர் அல்லர்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியச் சிறைகளில் இறந்த 1,995 பேரில் 1,773 பேர் இயற்கை மரணம் அடைந்தவர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்களா என்பதை அந்தப் பதிவு கேட்பதில்லை. நார்வே 1988-இலும் பிரான்சு 1994-இலும் இந்தப் பொறுப்பைச் சிறை நிர்வாகத்திடமிருந்து பிரித்துவிட்டன. இங்கிலாந்தில் 2006 முதல் அது தேசியச் சுகாதாரச் சேவையின் வேலை.

நாகலூர்வாசி, ஏற்காடு:
வழக்குரைஞர் ஐயாவிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். எங்கள் மலையில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், பெரிய வைத்தியத்துக்கு அவர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் இறங்கியாக வேண்டும். இறங்கிய பிறகு சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, அன்றைய கூலியையும் இழந்து திரும்புகிறார். மத்திய சிறையில் இருப்பவருக்கோ வளாகத்துக்குள்ளேயே மருத்துவர், மருந்து, படுக்கை எல்லாம் உண்டு. வெளியே கொண்டுவந்தாலும் காவலர் துணையோடு வருவதால் வரிசையில் நிற்கும் வேலை இல்லை. கைதிக்கு வைத்தியமே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் அல்லன். ஆனால் அரசிடம் இருப்பது ஒரு கைப்பணம்தான் என்றால், அது முதலில் யாருக்குப் போக வேண்டும்? தமிழ்நாட்டுச் சிறைகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால் வடமாநிலங்களில் உள்ள நெரிசலும் இங்கே இல்லை.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர்:
நாகலூர் நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால், உள்ளே இருப்பவர் எல்லாரும் குற்றவாளிகள் என்ற நினைப்பின் மேல் அது நிற்கிறது. 2022-இன் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு எந்த நீதிமன்றமும் இன்னும் குற்றத் தீர்ப்பு எழுதவில்லை. பிணைக்கு ஆள் கிடைக்காத காரணத்தால் உள்ளே கிடப்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களில் தோட்டக் கூலிகளும் உண்டு.

மேலும், தோட்டத் தொழிலாளி கடன் வாங்கியாவது ஜீப் வைத்துக்கொண்டு மலையிறங்கலாம், ஒரு வைத்தியர் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம். சிறையில் இருப்பவர் தலைவலி மாத்திரைக்கும் பிறர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். தனக்குத் தானே வைத்தியம் தேடிக்கொள்ளும் வழியை அரசு அடைத்துவிட்ட பிறகு, அந்த வழியைத் திறந்துவிடும் கடமையும் அரசுக்குத்தானே வரும்? நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும் 2015-ஆம் ஆண்டு ஐ.நா. விதிகளில் 24-ஆவது விதி, வெளியே உள்ள சமூகத்துக்குக் கிடைக்கும் அதே தரத்தில் உள்ளேயும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது. கூடுதலாக எதையும் அது கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆயுதப்படைக் காவலர்:
இருவரும் மருத்துவரைப் பற்றியே பேசுகிறீர்கள். கைதிகளை வெளியே அழைத்துப் போகும் வழிக்காவலுக்குப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: கைதி மருத்துவமனைக்குப் போவதும் போகாததும் வண்டியையும் காவலுக்கு வரும் ஆட்களையும் பொறுத்தது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா பந்தோபஸ்து வந்துவிட்டாலோ, அமைச்சர் வருகை இருந்தாலோ, ஆயுதப்படை அங்கே போய்விடும். அன்று மிச்சம் இருக்கும் ஆட்கள் நீதிமன்ற வழிக்காவலுக்குத்தான் அனுப்பப்படுவார்கள், ஏனென்றால் வாய்தாவுக்குக் கைதி வராவிட்டால் நீதிபதி காரணம் கேட்பார். ஸ்கேன் எடுக்கக் குறித்த நாள் தவறிப்போனால் எவரும் காரணம் கேட்பதில்லை. இதில் சுகாதாரத் துறை வந்து என்ன செய்துவிடும்?

பொறுப்பை மாற்றுவதை நான் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவமனைப் பயணத்தை வைத்தே கைப்பேசியும் கஞ்சாவும் உள்ளே போன கதைகள் எங்களுக்குத் தெரியும். கைதி தப்பி ஓடினால் இடைநீக்கம் ஆவது காவலுக்கு வந்தவர்தான், சீட்டு எழுதிய மருத்துவர் அல்லர். ஆகவே நிபுணர்களை வாரம் ஒரு முறை சிறைக்குள் வரவழைக்க வேண்டும், ஊடுகதிர் (எக்ஸ்ரே) எடுக்கும் வசதியை உள்ளேயே வைக்க வேண்டும், மற்றவற்றைக் காணொளி ஆலோசனையில் முடிக்க வேண்டும்.

சூரமங்கலம் களப்பணியாளர்:
காணொளியில் சர்க்கரையையும் மனநலத்தையும் ஓரளவு பார்க்கலாம். குடல்வால் அழற்சியை வயிற்றில் கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதை விடுங்கள், நான் காசநோய்ப் பணியில் இருந்தவன் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிறைகளில் காசநோய் தொற்றும் வாய்ப்பு வெளியே உள்ளதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. காற்றோட்டமில்லாத அறையில் பலர் ஒன்றாகப் படுத்து எழுகிறார்கள். பாதிப்பேர் உள்ளே வரும்போதே உடல் மெலிந்து, பீடியும் குடியுமாக இருந்தவர்கள். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து உண்டு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள். சிறைக்குள் இருக்கும்வரை மருந்து ஒழுங்காகப் போகும். அதில் சிறையைக் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் பிணை கிடைக்கும் நாளில்தான் தொடங்குகிறது. ஆணை மாலையில் வந்து சேர்கிறது, ஆள் இருட்டும் நேரத்தில் வெளியேறுகிறார், மருந்துப் பட்டையும் சிகிச்சை அட்டையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. இரண்டு மாத மருந்திலேயே இருமல் நின்றுவிடுவதால் அவரும் தேடிப் போவதில்லை. பாதியில் விட்ட நோய் சில சமயம் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகத் திரும்புகிறது. அப்படித் திரும்பி வந்தவர்களின் வீட்டுக் குழந்தைகளுக்கும் நான் சளிப் பரிசோதனை எடுத்திருக்கிறேன்.

வழக்குரைஞர் சுட்டிய அதே பழைய சட்டத்தின் 26-ஆம் பிரிவு, கடுமையான அல்லது ஆபத்தான நோயில் இருக்கும் கைதியை அவர் விருப்பத்துக்கு மாறாக விடுவிக்கக் கூடாது என்கிறது. இன்று அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. காசநோயாளிகளைப் பதியும் நிக்‌ஷய் தளத்தில் ஒருவரைச் சிறையிலிருந்து அவர் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட முடியும். மாற்றுவதற்கு, அவர் வெளியேறுகிறார் என்ற தகவல் மருந்தாளுநருக்கு அன்றே தெரிய வேண்டும். எங்களுக்கு அது பல நாள் கழித்தே தெரிய வந்தது.

நாகலூர்வாசி, ஏற்காடு:
காசநோயை ஒப்புக்கொள்கிறேன். வெளியே வருபவர் எங்கள் மலைப் பேருந்தில்தான் ஏறுவார். ஆனால் அந்த நியாயம் தொற்றுநோயோடு நின்றுவிடுகிறது. இதயநோயும் சிறுநீரகக் கோளாறும் பேருந்தில் பரவுவதில்லையே. அவற்றுக்கும் தனித் துறை, தனி நிதி என்றால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர்:
தொற்றுநோய்க்குச் சொன்ன காரணம் வேறு, மற்ற நோய்களுக்குச் சொன்ன காரணம் வேறு. இரண்டாவதற்கு, பூட்டிய கதவே போதும் என்று முன்பே எழுதினேன். தனி நிதியும் நான் கேட்கவில்லை. சிறை மருத்துவமனையை மாவட்டத்தின் இன்னொரு சுகாதார நிலையமாகக் கணக்கில் சேர்த்தாலே மருந்து ஒதுக்கீடு, காலிப்பணியிடம், தணிக்கை எல்லாம் சுகாதாரத் துறையின் கண்ணுக்குள் வந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு 300 பேருக்கு ஒரு மருத்துவர் என்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது. இவற்றை நிறைவேற்றும் ஆளும் அனுபவமும் எந்தத் துறையிடம் இருக்கின்றன?

ஓய்வுபெற்ற ஆயுதப்படைக் காவலர்:
துறை மாற்றத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் சூரமங்கலத்தார் சொன்னதற்கு எந்தத் துறையும் மாற வேண்டியதில்லை. வெளியேறும்போது கைதியின் உடைமைகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் இடத்திலேயே ஒரு மாத மருந்தையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். வழிக்காவலுக்கும் ஒரு வழி இருக்கிறது. காவல் நீட்டிப்புக்காகக் கைதியைக் காணொளியில் பார்க்கும் நீதித்துறை நடுவர், மருத்துவமனைக்குக் குறித்த தேதியில் அழைத்துப் போனார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்கும் ஆள் இருந்தால் வண்டி தானாகக் கிளம்பும். நாற்பது வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்ட நிர்வாகம் அவ்வளவுதான்.

நாகலூர்வாசி, ஏற்காடு:
வழக்குரைஞர் வைத்தவருக்காக நடுவரிடம் அவர் நினைவூட்டுவார். வைக்க முடியாதவருக்கு யார் நினைவூட்டுவது?

அஸ்தம்பட்டி வழக்குரைஞர்:
மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சார்பில் வழக்குரைஞர்களும் சட்டத் தன்னார்வலர்களும் சிறைக்குள் போய் மனு எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்கள் இப்போது கேட்டுக் குறிப்பது பிணை, மேல்முறையீடு, வாய்தா தேதி ஆகியவற்றை. தவறிப்போன மருத்துவத் தேதியையும் அதோடு குறித்து நடுவருக்கு அனுப்பச் சொல்லி ஆணைக்குழுச் செயலாளருக்கு ஒரு மனு தயார் செய்கிறேன். காவலர் ஐயா, வழிக்காவல் கேட்டு அனுப்பும் கடிதம் எந்த அலுவலரின் பெயருக்குப் போகும், மறுத்தால் அது எந்தப் பதிவேட்டில் ஏறும் என்பதை இங்கே எழுதினால் மனுவில் சேர்த்துக்கொள்வேன்.